புதிதாக வந்த பெரிய பால் பைத்தான் சாப்பிடவில்லையா? முதல் இரை இறங்கும்வரை செய்ய வேண்டியவை

வளர்ந்த பால் பைத்தானை (ball python, பந்துபோல் சுருளும் வெளிநாட்டு மலைப்பாம்பு வகை) இன்னொருவர் வீட்டிலிருந்து வாங்கி வந்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். "எங்ககிட்ட நல்லாச் சாப்பிட்டுச்சு" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நம் வீட்டுக்கு வந்த பிறகு எலியைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்ளும், இல்லையென்றால் உடம்பைச் சுருட்டித் தலையை நடுவில் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஒரு வாரம் போகும், ஒரு மாதம் போகும், நமக்குத்தான் சோறு இறங்காது. நான் வாங்கிய பெண் பாம்பும் மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில் தமிழில் தேடினால் பாம்பு பிடிக்கும் வீடியோக்கள்தான் கிடைத்தன, கூண்டுக்குள் இருக்கும் பாம்பை எப்படிச் சாப்பிட வைப்பது என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. உடம்பு நன்றாக இருக்கும் வளர்ந்த பால் பைத்தான் சில மாதங்கள் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கம் வாழும் பாம்பு இது, அங்கேயும் வருடத்தில் ஒரு பகுதி சாப்பிடாமல்தான் கழிக்கிறது. சாப்பிடவில்லையே என்று நாம் தினமும் போய்த் தொந்தரவு செய்வதுதான் பட்டினியை இழுத்தடிக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் வளர்ந்த பாம்புக்கு மட்டும். குட்டி சாப்பிடவில்லை என்றால் இவ்வளவு பொறுமை காட்ட முடியாது, சீக்கிரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

1. காகிதங்கள்

சாப்பாட்டுக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நிறைய சம்பந்தம் இருக்கிறது. பதிவு இல்லாத பாம்பை வைத்திருப்பவர்கள் கேள்வி வருமோ என்ற பயத்தில் மருத்துவரிடம் கொண்டுபோகாமல் தள்ளிப்போடுகிறார்கள், அதற்குள் நோய் முற்றிவிடுகிறது.

நம் காட்டிலும் வயலிலும் வாழும் பாம்புகளை, அதாவது மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி, நல்லபாம்பு போன்றவற்றை, வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது "மலைப்பாம்புக் குட்டி இருக்கு, வேணுமா" என்று கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பால் பைத்தான் வெளிநாட்டு இனம். ஆனால் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதையும் பதிவு செய்தாக வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, பாம்பு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது. விண்ணப்பம் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குப் போகும்.

பெரிய பாம்பை வாங்கும்போது அது ஏற்கெனவே ஒருவர் பெயரில் பதிவாகி இருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றின் நகலையும், உங்களுக்கு மாற்றிக் கொடுத்ததற்கான விவரத்தையும், தேதி போட்டுக் கையெழுத்திட்ட ரசீதையும் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் யாரும் பாக்கிறதில்ல" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். காகிதத்தில் அலட்சியமாக இருப்பவர் தீனி விஷயத்திலும் உண்மையைச் சொல்வார் என்று நான் நம்பமாட்டேன்.

2. கொடுத்தவரிடம் கேட்க வேண்டியவை

பாம்பைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும் அந்த நிமிடத்தில் நமக்கு ஒன்றும் ஓடாது. அதனால் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள்.

கடைசியாக எந்தத் தேதியில் சாப்பிட்டது? எலியா, சுண்டெலியா, கோழிக்குஞ்சா? உயிரோடு போட்டார்களா, அப்போது கொன்றதா, ஃப்ரீசரிலிருந்து எடுத்ததா? வெள்ளை எலியா, வேறு நிறமா? என்ன எடை இருக்கும்? இடுக்கியில் பிடித்துக் கொடுத்தார்களா, உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுவார்களா? இரவா, பகலா? கடைசியாகச் சட்டை உரித்தது எப்போது, கடைசியாக மலம் போனது எப்போது? ஆண் பாம்போடு சேர்த்து விட்டிருந்தார்களா? எப்படிப்பட்ட கூண்டில் இருந்தது, கண்ணாடித் தொட்டியா, பிளாஸ்டிக் டப்பாவா?

கடைசி இரண்டு கேள்விகளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெண் பாம்பு முட்டையோடு இருந்தால் சாப்பிடாது, அது சினையாக இருப்பது விற்பவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அதேபோல் வருடக்கணக்கில் இருட்டான சின்ன டப்பாவில் இருந்த பாம்பை நாலு பக்கமும் கண்ணாடி உள்ள பெரிய தொட்டியில் கொண்டுவந்து விட்டால் அது பயத்திலேயே கிடக்கும். முடிந்தால் அது பழகிய பழைய ஒளியிடத்தையே (பாம்பு பதுங்கிக்கொள்ளும் மறைவிடம்), தேய்த்துக் கழுவாமல், பாம்போடு சேர்த்துக் கேட்டு வாங்கி வாருங்கள். தன் வாசனை உள்ள ஒரு பொருள் கூடவே வருவது அதற்குப் பெரிய துணை. ஆனால் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் அங்கிருந்து எதையும் எடுத்து வராதீர்கள்.

சாப்பாட்டுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தேதியும் எடையும் போட்ட ஒரு பழைய நோட்டு, வாய்வார்த்தையாகச் சொல்லும் உறுதியைவிடப் பல மடங்கு உதவும்.

3. எடை

பத்து கிராம் அளவுக்காவது துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். பாம்புக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைக்குத் திரும்பப் போகக் கூடாது.

பாம்பு வந்த நாளிலேயே, பயணப் பெட்டியிலிருந்து கூண்டுக்கு மாற்றும்போது, மூடியுள்ள டப்பாவில் வைத்து எடை பார்த்துக் குறித்துவிடுங்கள். அடுத்த எடை இரண்டு வாரம் கழித்துப் போதும். வளர்ந்த பெண் பாம்பு பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும், ஆண் அதைவிடக் குறைவு. பட்டினி நாட்களில் நம்பவேண்டியது இந்த எண்ணை மட்டும்தான். கண்ணுக்கு ஒரு நாள் மெலிந்தாற்போலத் தெரியும், மறுநாள் சரியாகத் தெரியும். 1,600 கிராம் இருந்த பாம்பு இரண்டு மாதம் கழித்து 1,570 இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே பாம்பு 1,440-க்கு வந்துவிட்டால் பத்து சதவீதம் போய்விட்டது, அப்போது மருத்துவர். மலம் போன பிறகும் எடை கொஞ்சம் இறங்கும், அதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

4. கூண்டைச் சரிசெய்யாமல் எலியை எடுக்காதீர்கள்

என் அனுபவத்தில், சாப்பிடாத பத்துப் பாம்பில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இங்கேதான் இருக்கும். பாம்பு தன் உடம்புச் சூட்டை வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. சூடு போதாவிட்டால் இரை செரிக்காது, செரிக்காது என்றால் அது வாயைத் திறக்காது.

சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவில் 24-க்குக் கீழே போக வேண்டாம். ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம், சட்டை உரிக்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

தமிழ்நாட்டில் எப்போதும் வெயில்தானே, சூடு எதற்கு என்று கேட்பார்கள். கோயம்புத்தூரில் மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். சென்னையில்கூட அந்த நாட்களில் விடியற்காலையில் வீடு குளிர்ந்துதான் கிடக்கும். நமக்கு அது சுகமான குளிர், பாம்புக்குப் பசி அடங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் இதற்கு நேர்மாறு. அறையே 35 டிகிரி இருந்தால் கூண்டில் குளிர்ந்த பக்கம் என்று ஒன்று இருக்காது, பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கிடக்கும், சாப்பிடாது. அந்த மாதங்களில் ஹீட்டரை அணைத்துவிட்டு அறையைக் குளிர்விக்க வேண்டும். ஏசி போட்டால் காற்று வறண்டுவிடும், ஈரப்பதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வாங்கினால் தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஒரு மணி நேரம்கூடப் போடாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத மேட் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும், அது நகராமல் அதன் மேலேயே படுத்துக் கிடக்கும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல் சூடான தரையிலேயே பொருத்துங்கள். மேட், தெர்மோஸ்டாட், இரண்டு வெப்ப-ஈரப்பத மானி, தரைச் சூட்டைப் பார்க்கும் துப்பாக்கி வெப்பமானி, நீள இடுக்கி எல்லாம் சேர்த்து மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கூண்டு தனி. இதில் மிச்சம் பிடிக்கலாம் என்று தெர்மோஸ்டாட்டை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஒளியிடம். இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. ஒரே ஒளியிடம் இருந்தால் பாதுகாப்பா, சூடா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டி வரும், அது எப்போதும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். சுருண்டு படுத்தால் முதுகும் விலாவும் சுவரைத் தொட வேண்டும். விசாலமாக இருந்தால் நல்லது என்று நாம் நினைக்கிறோம், பாம்பு அப்படி நினைப்பதில்லை. கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. குயவரிடம் அகலமான மண்சட்டி வாங்கி, வாயில் ஒரு பக்கம் பாம்பு தாராளமாக நுழைகிற அளவு வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தால் போதும். ஈரத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். வழியைச் சின்னதாக விட்டுவிடாதீர்கள், வயிறு நிறைந்த பாம்பு சிக்கிக்கொள்ளும்.

கண்ணாடித் தொட்டி என்றால் மூன்று பக்கமும் வெளியிலிருந்து கறுப்புத் தாள் ஒட்டுங்கள். தரையில் தேங்காய் மட்டைத் துண்டுகள், நடுவில் சில கிளைகள், செயற்கை இலைகள். வெட்ட வெளியைக் கடக்காமல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக வழி இருக்க வேண்டும்.

அந்த அறையில் கொசுவர்த்தி, கொசு விரட்டும் திரவ மெஷின், சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எதுவும் வேண்டாம். கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு வகை ரசாயனங்கள் ஊர்வனவற்றுக்கு ஆகாது. கொசு தொல்லை என்றால் சன்னலுக்கு வலை அடியுங்கள்.

5. பத்து நாள் தொடாதீர்கள்

கூண்டு சரியான பிறகு பாம்பை அதில் விட்டுவிட்டுப் பத்து நாள், முடிந்தால் இரண்டு வாரம், அதன் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் மாற்றலாம், மலம் இருந்தால் எடுக்கலாம், அவ்வளவுதான். கையில் எடுப்பது, சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது, போட்டோ எடுப்பது, நடு ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்ப்பது எதுவும் கூடாது. வந்த அன்றைக்கே எலி கொடுத்துப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். வழியெல்லாம் ஆட்டத்தில் வந்து பயந்து கிடக்கும் பாம்பின் முகத்தில் எலியை நீட்டினால், எலியையே பயத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்ட மாதிரி நடந்துகொள்கிறது.

இந்த நாட்களில் வீட்டில் யாராவது "ஒரு கிண்ணம் பால் வச்சுப் பாரேன்" என்று சொல்வார்கள், அக்கறையோடுதான் சொல்வார்கள். பாம்புக்குப் பாலைச் செரிக்கும் திறன் கிடையாது. முட்டையும் வேண்டாம். கோழிக்கறித் துண்டும் வேண்டாம், எலும்பும் குடலும் சேர்ந்த முழு இரையில்தான் அதற்கு வேண்டிய சத்து எல்லாம் இருக்கிறது.

6. எலி வாங்குவதும் வைப்பதும்

வீட்டிலோ தோட்டத்திலோ பிடித்த எலியைக் கொடுக்கவே கூடாது. எங்காவது எலி மருந்து தின்றிருக்கும், அந்த விஷம் பாம்புக்கும் போகும். ஒட்டுண்ணிகளும் கூடவே வரும். தீனிக்கென்று வளர்த்த எலிதான் வேண்டும். பெரிய ஊர்களில் ஊர்வன வளர்ப்பவர்களே எலியும் வளர்த்து உறைய வைத்து விற்கிறார்கள். முதல் தடவை மொத்தமாக வாங்காதீர்கள், வேறு வேறு அளவில் நாலைந்து போதும். நம் பாம்பு எதைத் தொடும் என்று தெரியாமல் ஃப்ரீசரை நிரப்பிப் பயனில்லை. பழக்கத்துக்கு வந்த பிறகு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு எலி என்றால் வருடத்துக்குப் பதினேழிலிருந்து இருபத்தாறு வரும், அந்தக் கணக்கில் விலை பேசிக்கொள்ளலாம்.

அளவு விஷயத்தில் எல்லோரும் பெரிதாகத்தான் போகிறார்கள். பாம்பு பெரிது, ஆகவே பெரிய எலி என்று நினைக்கிறோம். 1,500 கிராம் பாம்புக்கு அதன் எடையில் ஐந்து சதவீதம், அதாவது 75 கிராம் எலி தாராளம். முதல் இரைக்கு அதைவிடச் சின்னதாக, நாற்பது ஐம்பது கிராமில் கொடுங்கள். தயங்கும் பாம்பு பெரிய எலியைப் பார்த்துப் பின்வாங்கும், சின்னதைக் கவ்விவிடும்.

ஃப்ரீசர் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். எலியிலும் பாம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், ஆகவே சாப்பாட்டுப் பொருளோடு வைப்பதைவிடத் தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர் இருந்தால் நல்லது. முடியாதென்றால் இறுக்கமாக மூடும் டப்பாவுக்குள் பையில் போட்டு, கீழ்த்தட்டில். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

7. எலியைச் சூடாக்குவது

முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மறுநாள் மாலை, தண்ணீர் புகாத ஜிப் பையில் போட்டு வெந்நீரில் வையுங்கள். கை பொறுக்கும் சூடு, கொதிநீர் இல்லை. கொதிநீரில் போட்டால் வெளியே வெந்து வயிறு கிழிந்துவிடும், மைக்ரோவேவில் வைத்தாலும் அதே கதை. வயிற்றை அழுத்திப் பாருங்கள், நடுவில் கட்டியாகக் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும்.

பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கின்றன, அவற்றால் அது சூட்டை உணர்கிறது. இருட்டில் எலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதுவும் மூக்கும் நாக்கும்தான். ஆகவே எலியின் மேல்சூடு 38, 40 டிகிரி இருக்க வேண்டும், தலைப் பக்கம் கூடுதலாக. கொடுப்பதற்கு முன் ஹேர் டிரையரால் தலையில் மட்டும் அரை நிமிடம் காற்றடியுங்கள். துப்பாக்கி வெப்பமானியால் பாருங்கள். ஃப்ரோசன் எலியைத் தொடாது என்று சொல்லப்படும் பாம்புகளில் பல, எலி ஆறிப்போயிருந்ததால்தான் தொடாமல் இருக்கின்றன. நனைந்திருந்தால் துடைத்துவிடுங்கள், ஈர எலியின் வாசனை மங்கிவிடும்.

8. கொடுக்கும் இரவு

கண் நீலம் பூத்து, வயிறு இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அந்த ஒன்றிரண்டு வாரம் கொடுக்க வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வரும் நாளிலும் வேண்டாம், சாப்பிட்ட பிறகு சூடு இல்லாமல் போனால் கக்கிவிடும்.

இருட்டிய பிறகு ஒரு மணி நேரமாவது கழியட்டும். கூடத்து விளக்கை மட்டும் விட்டுவிட்டு அறை விளக்கை அணைத்துவிடுங்கள். டிவி சத்தம் இருக்கட்டும், ஆள் நடமாட்டம் வேண்டாம். ஒளியிடத்தின் வாயிலிலிருந்து பாம்பு தலையை மட்டும் வெளியே நீட்டி வைத்திருந்தால் அதுதான் சரியான நேரம், அது இரைக்குக் காத்திருக்கும் நிலை.

இடுக்கி ஒன்றரை அடி நீளமாவது இருக்கட்டும். எலியின் இடுப்பைப் பிடித்து, தலை முன்னால் வரும்படி, பாம்பின் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையோடு ஒட்டி வையுங்கள். மேலிருந்து இறக்காதீர்கள், மேலிருந்து வருவது அதற்குப் பருந்து. மெல்ல அசையுங்கள், நிறுத்துங்கள், மறுபடி அசையுங்கள். எலி பாம்பை நோக்கி வரக் கூடாது, விலகிப் போகிற மாதிரி இருக்க வேண்டும். நாக்கு வேகமாகத் துடிப்பதை விட்டு நிதானமாக நீண்டு நீண்டு வரும். கழுத்து பின்னால் இழுபட்டு மடங்கும். அந்த இடத்தில் நாம் மூச்சுக்கூட விடாமல் நிற்க வேண்டும், பலரும் ஆவலில் எலியை இன்னும் நெருக்கிவிடுவார்கள், பாம்பு தலையை இழுத்துக்கொண்டுவிடும். அடித்தது என்றால் கண்ணுக்கே தெரியாது, இடுக்கியில் ஒரு இழுப்பு, அடுத்த நொடி எலியைச் சுற்றி மூன்று சுருள். உடனே விட்டுவிடாமல் வாலை லேசாக ஒரு தடவை ஆட்டிவிட்டு விடுங்கள், இரை திமிறுகிறது என்று நினைத்து இன்னும் இறுக்கும். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தலை எங்கே என்று தேடி விழுங்கத் தொடங்கவே அரை மணி நேரம்கூட ஆகலாம்.

சாப்பிடுவதற்கென்று தனிப் பெட்டிக்கு மாற்றும் பழக்கம் ஒன்று சொல்லித்தரப்படுகிறது. கூண்டுக்குள் கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகிவிடும் என்பது காரணம். பயந்த பாம்பைத் தூக்கிப் புது இடத்தில் போட்டால் அது சாப்பிடாது, சாப்பிட்டாலும் திரும்பத் தூக்கும்போது கக்கும். இந்த யோசனையை நான் முழுசாக எதிர்க்கிறேன்.

பத்து நிமிடத்தில் அடிக்கவில்லை என்றால் எலியை ஒளியிடத்து வாசலில் ஒரு தட்டையான கல்லிலோ தாளிலோ வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். நிறையப் பெரிய பாம்புகள் யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள்கின்றன. காலையில் இருந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

9. வேண்டாம் என்றுவிட்டால்

அடுத்த முயற்சி பத்து நாள் கழித்து. மறுநாள் இல்லை, மூன்றாம் நாள் இல்லை. இதுதான் இந்த முழு வேலையிலும் கடினமான பகுதி.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், நோட்டில் எழுதுங்கள். வெப்பத்தையும் இரையையும் ஒளியிடத்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். நான் பின்பற்றிய வரிசை இது: முதலில் பழைய வீட்டில் கொடுத்த அதே வகை, அதே நிறம். அடுத்து எலிக்குப் பதில் சுண்டெலி, அல்லது சுண்டெலிக்குப் பதில் எலி. அடுத்து, எலி வளர்ப்பவரிடமிருந்து பழைய படுக்கைத் துகள் ஒரு கைப்பிடி வாங்கி, சூடாக்கிய எலியை அதில் புரட்டி வாசனை ஏற்றுவது. அதுவும் ஆகாவிட்டால் எலியின் மண்டையில் ஊசியால் குத்தி மூளையின் ஈரம் கொஞ்சம் வெளியே தெரியும்படி செய்வது. அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வாசனைக்கு மசியும் பாம்புகள் உண்டு. கோழிக்குஞ்சின் இறகில் தேய்த்துக் கொடுப்பது இன்னொரு வழி. காட்டில் ஆண் பால் பைத்தான்கள் பறவைகளையும் கணிசமாகத் தின்கின்றன, ஆகவே ஆண் பாம்புக்கு இதை முன்னாலேயே முயலலாம். முழுக் குஞ்சாகவே கொடுத்துப் பழக்கினால் எலிக்குத் திரும்புவது கஷ்டம் என்பதால் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். பசி இல்லாத பாம்பு தற்காத்துக்கொள்ளாது. எலி அதன் முதுகைக் கடித்துக் குதறிவிடும், அந்தக் காயம் எலும்புவரை போன பாம்புகள் இருக்கின்றன. முந்தைய வீட்டில் உயிருள்ளதையே தின்று பழகியிருந்தால் அப்போதுதான் கொன்ற, சூடு ஆறாத எலியில் தொடங்கி, அங்கிருந்து ஃப்ரோசனுக்குப் போகலாம். வாயைப் பிளந்து திணிப்பதையும் நாமே செய்யக் கூடாது. தொண்டை கிழியும், பாம்பு மிரண்டு இன்னும் பல வாரம் பின்னால் போகும். அந்த நிலை வந்தால் மருத்துவர் செய்யட்டும்.

கார்த்திகையிலிருந்து மாசிவரை இனப்பெருக்கக் காலம். ஆண் பாம்பு இந்த மாதங்களில் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரவெல்லாம் கூண்டைச் சுற்றிக்கொண்டிருந்தால் அது இயல்பு. மாதம் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள், போதும். பெண் பாம்பு தொடர்ந்து குளிர்ந்த பக்கமே கிடந்து, பின்பாதி உடம்பு பருத்து, சில சமயம் வயிறு மேலே தெரியப் புரண்டு படுத்தால் முட்டை இருக்கலாம்.

10. எப்போது மருத்துவர்

எடை பத்து சதவீதம் குறைந்தால் போக வேண்டும். எடை குறையாவிட்டாலும் இவற்றில் ஒன்று தெரிந்தால் அன்றைக்கே போகவும்: மூச்சில் விசில் அல்லது குமிழிச் சத்தம், மூக்கில் வாயில் சளி, தலையை மேலே தூக்கி வாயைத் திறந்தே வைத்திருத்தல், ஈறில் சிவப்பு அல்லது தயிர்த் திரள் போன்ற சீழ், வயிற்றில் கட்டி, உண்ணி, கண் குழிந்து தோல் மடிப்பு விழுதல், கக்குவது திரும்பத் திரும்ப நடப்பது.

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. அவசரம் வந்த பிறகு தேடினால் கிடைக்காது, இப்போதே போன் செய்து ஊர்வன பார்ப்பார்களா, எந்த நாட்களில், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். போகும்போது எடை நோட்டு, பதிவுச் சான்று நகல், மலம் கிடைத்தால் ஒரு நாளுக்குள் எடுத்தது, சின்ன டப்பாவில். குடற்புழு இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். பாம்பைத் துணிப்பையில் போட்டு, பையைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

11. சாப்பிட்டுவிட்டது, இனி?

சந்தோஷத்தில் கையில் எடுக்காதீர்கள். இரண்டு முழு நாள், வயிற்றில் மேடு தெரிந்தால் அது அடங்கும்வரை, தொடக் கூடாது. கக்கிவிட்டால் உடனே இன்னொரு எலி கொடுக்கக் கூடாது. இரைப்பை அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கும், இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, வெப்பத்தைச் சரிபார்த்து, முதலில் கொடுத்ததில் பாதி அளவில் தொடங்குங்கள்.

நன்றாக இறங்கியிருந்தால் அடுத்தது பத்து, பதினான்கு நாள் கழித்து, அதே வகை, அதே அளவு, அதே நேரம், அதே இடுக்கி. தொடர்ந்து மூன்று தடவை தயங்காமல் எடுத்த பிறகு அளவைக் கூட்டலாம், இடைவெளியை மூன்று வாரமாக்கலாம், கையில் எடுத்துப் பழக்கவும் தொடங்கலாம், ஒரு நேரத்தில் பத்து நிமிடம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள். கூண்டை மாற்ற வேண்டும் என்று ஆசை இருந்தால் அதை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். பாம்பை எப்போதாவது வேறு ஒருவருக்குக் கொடுத்தாலோ அது இறந்துபோனாலோ அதையும் பரிவேஷில் தெரிவிக்க வேண்டும், பதிவு எண்ணை அந்த எடை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.